அடுப்பும் மீட்டரும்

(2025 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மாலை தஞ்சாவூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்தவர்கள் எரிபொருள் சிக்கனம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு அது. நான் அதை அடுப்பங்கரை அளவுக்குக் குறுக்கிக்கொள்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் நியூட்டனைப் பற்றிக் கேட்பதில்லை. ரேஷன் கடை வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் கேட்பது ஒன்றே ஒன்று: "டீச்சர், கேஸ் நல்லதா, கரண்ட் அடுப்பு நல்லதா?"

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். திருப்பூரில் இருக்கிறாள். "டீச்சர், சிலிண்டர் நாப்பத்தஞ்சு நாளைத் தாண்ட மாட்டேங்குது. இண்டக்‌ஷன் ஸ்டவ் வாங்கிடலாமா?" என்றாள். நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. "உங்க வீட்டு இ.பி. அட்டையை எடுத்துப் பாரும்மா. ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுது?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். நான் ஏன் அடுப்பைப் பற்றிக் கேட்டதற்கு மீட்டரைப் பற்றித் திருப்பிக் கேட்டேன் என்பதை முதலில் சொல்லவேண்டும்.

சிலிண்டர் விலை ஏறி இறங்கியதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். சென்னை விலையைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் சில ரூபாய் மாறும். 2020 நவம்பரில் 610 ரூபாய். 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆகஸ்டு கடைசியில் 200 ரூபாய் குறைத்தார்கள். 2024 மார்ச்சில் இன்னும் 100 குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசானது. ஒரு காலத்தில் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்த மானியம் 2020க்குப் பிறகு, ஏழைகளுக்கான உஜ்வலா திட்டத்து இணைப்பு இல்லாத வீடுகளுக்குப் பெயரளவுக்குச் சுருங்கிவிட்டது. நாம் எரிப்பதில் பாதிக்கும் மேல் கப்பலில் வருகிற சரக்கு, அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. சவூதி அராம்கோ மாதாமாதம் அறிவிக்கிற ஒப்பந்த விலை நம் சாம்பாரின் விலையில் சேர்ந்துவிடுகிறது. அங்கே ஒரு போர்ச் செய்தி வந்தால் இங்கே மாதச் சம்பளக்காரர் வீட்டில் வயிறு கலங்குகிறது. அதில் தவறே இல்லை.

சரி, அந்தச் சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது? 14.2 கிலோ புரொப்பேன், பியூட்டேன் கலவை. ஒரு கிலோ எரிந்தால் சுமார் 46 மெகாஜூல் வெப்பம் வரும். மெகாஜூல் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நமக்குப் பழகின இ.பி. யூனிட்டிலேயே சொல்கிறேன். ஒரு சிலிண்டருக்குள் இருப்பது ஏறத்தாழ 181 யூனிட். 868 ரூபாய் 50 காசை 181ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு யூனிட் 4 ரூபாய் 80 காசு.

இந்த எண்ணை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஊரில் கேஸ் யூனிட்டும் கரண்ட் யூனிட்டும் கிட்டத்தட்ட ஒரே விலையில் இருக்கின்றன. உலகத்தில் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பிள்ளைகள் லண்டனில் இருக்கிறவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். அங்கே 2022 அக்டோபரில் அரசு உச்சவரம்பு வைத்தபோது குழாய் கேஸ் யூனிட்டுக்கு 10.3 பென்ஸ், மின்சாரம் 34 பென்ஸ். மூன்று மடங்குக்கும் மேல். அங்கே அடுப்பை மாற்றினால் பணம் மிச்சமாகும் என்று யாரும் துணிந்து சொல்லமுடியாது. அதோடு அந்த ஊர் கேஸ் பில்லில் அடுப்பின் பங்கு சிறியது. வீட்டைச் சூடாக்குவதும் வெந்நீருமே பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே லண்டனிலிருந்து மகன் சொல்கிற யோசனையும் தஞ்சாவூரில் அம்மா கேட்கிற கேள்வியும் ஒன்றல்ல. விலை தெரியாமல் யோசனை மட்டும் ஊர் விட்டு ஊர் வந்தால் இப்படித்தான்.

விலை ஒன்றாக இருந்தால் போதுமா? வாங்கின சூட்டில் எவ்வளவு பாத்திரத்துக்குள் போகிறது என்பதுதான் அடுத்த விஷயம். கேஸ் அடுப்பு அடுப்பங்கரையையும் சேர்த்துச் சமைக்கிறது. தீ பாத்திரத்தின் அடியைத் தொட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஏறி மேலே போய்விடும். சித்திரை மாதம் மத்தியானம் அடுப்பு முன்னால் நின்றவர்களுக்கு அந்தச் சூடு எங்கே போகிறது என்று நான் சொல்லவேண்டாம். வீட்டு கேஸ் அடுப்பு குறைந்தபட்சம் 68 சதவீதத் திறன் காட்டவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கிறது. அது சோதனைச்சாலையில், பர்னருக்குத் தகுந்த பாத்திரத்தை வைத்து அளப்பது. நம் வீட்டில் பெரிய பர்னர் மேல் டம்ளர் அளவுப் பாத்திரத்தில் காப்பிக்குப் பால் வைக்கிறோம். நான் 55 சதவீதம் என்றே கணக்கில் வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் 181 யூனிட்டில் பாத்திரத்துக்குள் போவது சுமார் 100.

இண்டக்‌ஷன் அடுப்பில் தீயே இல்லை. கண்ணாடித் தட்டுக்குக் கீழே ஒரு செம்புச் சுருள் இருக்கிறது. அதில் நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் எழுகிற காந்தப்புலம் மேலே இருக்கிற இரும்புப் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்குகிறது. பாத்திரத்தின் அடியே சூடாகிறது. தட்டு சுடுவதுகூடப் பாத்திரத்திலிருந்து இறங்கின சூட்டால்தான். இதில் 85 சதவீதம் உள்ளே போய்விடும். ஆக ஒரு சிலிண்டர் செய்கிற வேலையைச் செய்ய இதற்கு ஏறத்தாழ 120 யூனிட் கரண்ட் போதும்.

இப்போது 868 ரூபாய் 50 காசை 120ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஏழே கால் ரூபாய். இந்த ஓர் எண்ணை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டில் இனிமேல் கூடுதலாக ஓடப்போகிற யூனிட் ஏழே கால் ரூபாய்க்குக் கீழே கிடைத்தால் கரண்ட் அடுப்பு லாபம். அதற்கு மேலே போனால் கேஸே லாபம். சிலிண்டர் விலை மாறினால் இந்த எண்ணும் மாறும். 1,118 ரூபாயாக இருந்த காலத்தில் அது ஒன்பது ரூபாயைத் தாண்டியிருந்தது. புது விலையை 120ஆல் வகுத்தால் புது எண் வந்துவிடும்.

அடுத்ததாக மின்கட்டணம். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள், ஏனென்றால் தமிழ்நாட்டில் ஒரு யூனிட்டுக்கு ஒரு விலை கிடையாது. 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2022 செப்டம்பர் அட்டவணையைச் சொல்கிறேன், முழு எண்களாக இருப்பதால் மனதில் நிற்கும். மொத்தம் 500க்குள் நிற்கிற வீட்டுக்கு 101 முதல் 200 வரை 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அடுத்த நூறுக்கு 8 ரூபாய், பிறகு 9, 10, 11 என்று ஏறும். அதோடு 101 முதல் 200 வரை கிடைத்த பாதி விலைச் சலுகையும் பறிபோகும். அதனால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டினவர் 501 யூனிட்டுக்கு 1,958 கட்டவேண்டியிருந்தது. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். 2024 ஜூலையில் இவற்றின் மேல் 4.83 சதவீதம் ஏற்றினார்கள். 2025 ஜூலையில் வந்த உயர்வு வீடுகளைத் தொடவில்லை. ஆகவே இந்த எண்களோடு ஐந்து சதவீதம் சேர்த்துக்கொண்டால் 2025 நிலவரம் வந்துவிடும்.

ஏழே கால் ரூபாயை இந்த அட்டவணைக்குப் பக்கத்தில் வையுங்கள். 500க்குக் கீழே எல்லா விலையும் அதற்குள் அடங்குகிறது. 500க்கு மேலே எந்த விலையும் அடங்கவில்லை. கோடு அத்தனை துல்லியமாக விழுகிறது.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் நான்கு பேர், ஒரே மாதிரிச் சமையல், நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு சிலிண்டர். இரண்டு மாதத்துக்கு ஒன்றேகால் சிலிண்டருக்குச் சற்று மேல், 1,158 ரூபாய். முழுவதையும் கரண்டுக்கு மாற்றினால் 160 யூனிட் கூடும். முதல் வீட்டில் ஃபேனும் ஃபிரிட்ஜும் மட்டும். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். அது 340 ஆகும். கூடுதல் செலவு, ஐந்து சதவீதத்தையும் சேர்த்து, 710 ரூபாய். நானூறுக்கு மேல் கையில் நிற்கிறது. இரண்டாவது வீட்டில் ஏ.சி. இருக்கிறது, வாஷிங் மெஷின் இருக்கிறது. ஏற்கெனவே 420 யூனிட். அது 580 ஆகும். கூடுதல் செலவு 1,410. இருநூற்றைம்பது ரூபாய் நஷ்டம். ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே அடுப்பை வாங்கின இரண்டு பேரில் ஒருவர் "பிரமாதம்" என்றும் மற்றவர் "ஏமாந்துட்டேன்" என்றும் சொல்வார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

இரண்டாவது வீட்டுக்காரருக்கும் வழி இருக்கிறது. அவர் பாதிச் சமையலை மட்டும் மாற்றி, 80 யூனிட் கூடி 500இல் நின்றால் எழுபது எண்பது ரூபாய் மிச்சம். ஆனால் மயிரிழை தப்பினாலும் அந்த 233 ரூபாய் தலையில் விழும். அதனால் அவருக்கு நான் சொல்வது: ஏ.சி. ஓடுகிற சித்திரை, வைகாசியில் கேஸிலேயே சமையுங்கள். ஐப்பசி மழை தொடங்கி மார்கழி, தை வரை ஏ.சி. ஓய்ந்திருக்கிறபோது இண்டக்‌ஷனை எடுத்து வையுங்கள். நம் வீடுகளில் பருவத்துக்குத் தகுந்தாற்போல ஊறுகாயும் வற்றலும் போடுகிறோம். அடுப்பும் அப்படி மாறலாம்.

பணத்தைப் பற்றியே பேசிவிட்டேன். சமைக்கிறவர்களின் கையைப் பற்றியும் பேசவேண்டும், ஏனென்றால் இந்த அடுப்புகள் பல வீடுகளில் மூன்றாம் மாதமே பரணுக்குப் போய்விடுகின்றன. காரணம் பாத்திரம். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இண்டக்‌ஷனில் ஏறும். இண்டாலியம் சட்டி ஏறாது. பித்தளை, செம்பு, மண்சட்டி எதுவும் ஏறாது. எவர்சில்வரிலேயே ஒரு ரகத்தில் காந்தம் ஒட்டும், இன்னொரு ரகத்தில் ஒட்டாது. மாமியார் கொடுத்த ஈயச்சொம்பில் ரசம் வைக்கிற வீடு என்றால் அந்த ரசத்துக்குக் கேஸ்தான். வார்ப்பிரும்பு தோசைக்கல் ஒட்டும், ஆனால் சுருளின் அகலம் கல்லின் அகலத்தைவிடக் குறைவு. நடுவில் கருகி ஓரம் வெள்ளையாக நிற்கிற தோசையைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். அடி உருண்ட வாணலி தட்டில் உட்காரவே உட்காராது. எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும் இன்ஃப்ராரெட் அடுப்பு என்று ஒன்றும் விற்கிறார்கள். அதில் கம்பி சிவந்து தட்டு சூடாகி, பிறகு பாத்திரத்துக்குச் சூடு ஏறவேண்டும். நான் சொன்ன 85 சதவீதத்தை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இண்டக்‌ஷன் நன்றாகச் செய்கிற வேலைகள் எவை என்று கேட்டால் என் பட்டியல் சிறியது: பால் காய்ச்சுவது, காப்பித் தண்ணீர், குக்கரில் சோறும் பருப்பும், காய் வேகவைப்பது, இட்லி. அதாவது தண்ணீர் கொதிக்கிற வேலைகள். அவைதான் நம் சமையலில் அதிக எரிபொருளைக் குடிப்பவை. தாளிப்பு, வதக்கல், அப்பளம், தோசை, கத்திரிக்காய் சுடுவது, இவற்றை என் வீட்டில் நான் தீயைவிட்டு எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தவும் மாட்டேன்.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க இண்டக்‌ஷனுக்கு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். கேஸில் 12 கிராம் போல ஆகும், 70 காசு. கரண்டில், இலவச நூறுக்குள் இருந்தால் ஒன்றுமில்லை. நானூறுக்குள் இருந்தால் 50 காசுக்குள். 500ஐத் தாண்டினால் 80 காசுக்கு மேல். தினமும் எத்தனை லிட்டர் கொதிக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் காசுகள் சில்லறையாகத் தெரியாது.

பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை, தயவுசெய்து கவனியுங்கள். 2,000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். மிக்ஸி செருகுகிற சின்னப் பிளக் ஆறு ஆம்பியருக்குத்தான். பழைய வீடுகளில் அதில் செருகி, எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து ஓட்டுகிறார்கள். ஒயர் சூடாகிப் பிளாஸ்டிக் வாடை வரும். பவர் பிளக் இல்லாத சமையலறைக்கு முதல் செலவு எலெக்ட்ரீஷியன்தான். அதே அக்கறையை கேஸ் ட்யூபுக்கும் காட்டுங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும். நம்மில் எத்தனை பேர் அதன் மேல் அச்சிட்டிருக்கிற தேதியைப் பார்த்திருக்கிறோம்?

கேஸை முழுவதுமாக விட்டுவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தஞ்சாவூரில் நின்றுகொண்டு நான் அதற்குச் சரி என்று சொல்லமாட்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது. வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கம்பங்கள் எல்லாம் படுத்துவிட்டன. எத்தனையோ கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் சோறு வெந்தது கேஸிலும், விழுந்து கிடந்த தென்னை மட்டையிலும்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே பன்னிரண்டரை கிலோ சிலிண்டர் 2021 அக்டோபர் வரை 1,493 இலங்கை ரூபாயாக இருந்தது. விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததும் 2,750. அந்த ஆண்டுக் கடைசியில் சமையலறைகளில் கேஸ் கசிந்து வெடித்த செய்திகள் தினமும் வந்தன. சிலிண்டருக்குள் இருந்த கலவையின் விகிதம் மாறியது பெரிய விவாதமானது. 2022 ஏப்ரலில் விலை 4,860. அதையும் கொடுக்கத் தயாராக மக்கள் வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் போட்டுவிட்டு இரவெல்லாம் காத்திருந்தார்கள். கரண்ட் அடுப்புக்கு மாறலாம் என்றால், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. இரண்டும் ஒன்றாகக் கைவிட்டன. மாடி வீட்டுக் குடும்பங்கள்கூட விறகுக்குத் திரும்பின. யாழ்ப்பாணத்தில் உறவு இருக்கிறவர்களுக்கு இது செய்தித்தாள் சங்கதி இல்லை.

நம்முடைய 2012ஐயும் மறந்துவிடக் கூடாது. பாதி நாள் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள்தானே நாம்? வசதி இருக்கிறவர்கள் இரண்டு அடுப்பையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்து நிற்கும்.

அடுப்பை மாற்றாமலே செலவைக் குறைக்கலாம் என்பதை நான் கோத்தகிரியில் கற்றுக்கொண்டேன். அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்தேன். சிலிண்டர் இருபத்தைந்து, இருபத்தாறு நாளில் தீர்ந்துவிடும். சிலிண்டர் கொண்டுவருகிறவர் எடையில் ஏமாற்றுகிறாரோ என்று மனதுக்குள் அவர்மேல் ஒரு சந்தேகம். அப்போது எடை பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் சிலிண்டரை அதில் ஏற்றி நோட்டில் எழுத ஆரம்பித்தேன். வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் கழுத்தருகே எழுதியிருக்கும்; அதைக் கழித்தால் மிச்சம் கேஸ். முதல் நாளே எடை சரியாக இருந்தது. வீண் பழி சுமத்தாமல் தப்பித்தேன். பிறகு கணக்குப் போட்டேன். அந்த ஊர் மார்கழிக் குளிரில் ஒரு வாளித் தண்ணீரை, பதினைந்து லிட்டர், குளிக்கிற பதத்துக்குக் கொண்டுவர 67 கிராம் கேஸ் வேண்டும். நான்கு பேர். ஐம்பத்து மூன்று நாளில் ஒரு முழுச் சிலிண்டர் குளியலுக்கே போய்விடும். சமையலுக்கு ஒன்று, குளியலுக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தால் பாதி நாளில் தீராமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டு கேஸ் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்ததற்குக் காரணம் சமையல் இல்லை. உங்கள் வீட்டிலும் வெந்நீர் அடுப்பில்தான் போடுகிறீர்கள் என்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று, கொதி. வகுப்பில் இதை ஒவ்வொரு வருஷமும் சொல்வேன், பிள்ளைகள் வீட்டில் போய் அம்மாவிடம் சொல்வார்கள், அம்மாக்கள் நம்பமாட்டார்கள். தண்ணீர் கொதித்துவிட்ட பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. 'தளதள'வென்று குதிப்பதால் அரிசி சீக்கிரம் வேகாது. கூட்டின தீ முழுவதும் ஆவியாகப் போகிறது. ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழரை மடங்கு வேண்டும், அதே லிட்டரை ஆவியாக்க. திறந்த பானையில் அரை லிட்டர் வற்றினால், அந்த வற்றல் மட்டும் கிட்டத்தட்ட நான்கு லிட்டரைக் கொதிக்கவைத்த செலவு. கொதி வந்ததும் சிம்மில் வைத்து மூடிவிடுங்கள். குக்கருக்குள் அழுத்தத்தால் கொதிநிலை 120 டிகிரியை நெருங்குவதால்தான் அது முந்துகிறது. அங்கேயும் முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்துவிடலாம். கொண்டைக்கடலையை இரவே ஊறப்போடுவது நம் பாட்டிகளுக்கு யாரும் சொல்லித்தரவேண்டிய விஷயமாக இருக்கவில்லை. பிரியாணிக்குத் தம் போடுகிறவர்களுக்கும் தெரியும், அடுப்பை அணைத்த பிறகும் சமையல் நடக்கும் என்று.

நீலமாக எரியவேண்டிய தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரி பிடித்தால், பெரும்பாலும் பர்னர் துளைகளை அடைத்திருக்கிற, பொங்கி வழிந்த பாலும் சாம்பாரும்தான் காரணம். ஊசியால் குத்திச் சுத்தம் செய்யலாம். ஜன்னலையும் திறந்து வையுங்கள். விறகுப் புகையோடு ஒப்பிட்டால் கேஸ் எத்தனையோ மேல், ஆனாலும் அந்தத் தீயிலிருந்து நைட்ரஜன் டை ஆக்ஸைடு வருகிறது. இளைப்பு இருக்கிற குழந்தைகளுக்கு அது ஆகாது.

இனி அந்தத் திருப்பூர்ப் பெண்.

"இ.பி. அட்டையைப் பாரு" என்றேன் அல்லவா? அவள் சொன்னாள்: "எங்களுக்கு ஏது டீச்சர் அட்டை? காம்பவுண்டுக்குள்ள நாலு போர்ஷன், ஒரே சர்வீஸ். வீட்டுக்காரர் சின்ன மீட்டர் வெச்சிருக்காரு. யூனிட்டுக்குப் பத்து ரூபா. மாசம் எண்பது, எண்பத்தஞ்சு யூனிட் வரும்."

நான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு மாதத்துக்கு 170 யூனிட். அவள் பேரில் ஒரு மீட்டர் இருந்தால் முதல் நூறு இலவசம், மிச்சம் எழுபதுக்கு 2025 கட்டணத்தில் சுமார் 165 ரூபாய். அவள் கட்டுவது 1,700. அரசு எல்லா வீட்டுக்கும் கொடுக்கிற நூறு யூனிட், அந்தக் காம்பவுண்டில் நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து ஒன்றாகிவிட்டது. நான்கு வீட்டு ஓட்டமும் ஒரே சர்வீஸில் ஏறுவதால் 500ஐத் தாண்டி, இருந்த சலுகையும் போய்விட்டது. வீட்டுக்காரர் கட்டுகிற கடைசி யூனிட்டுகள் ஒன்பது ரூபாய்க்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் நான்கு பேரும் கொடுப்பது முதல் யூனிட்டுக்கே பத்து.

இந்தப் பெண்ணுக்குக் கரண்ட் அடுப்பு எங்கே கட்டுப்படியாகும்? ஏழே கால் எங்கே, பத்து எங்கே? ஒரு லிட்டர் தண்ணீர் கேஸில் 70 காசு, அவளுக்குக் கரண்டில் ஒரு ரூபாய். மச்சு வீடும் ஏ.சி.யும் இருக்கிறவர்கள் மாதத்துக்கு மாதம் அடுப்பை மாற்றிக் கணக்குப் பார்க்கலாம். எந்தக் குடும்பத்துக்கு மாதம் இருநூறு ரூபாய் மிச்சமானால் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கூட வருமோ, அந்தக் குடும்பத்துக்குத்தான் தேர்வு செய்யும் உரிமை கிடையாது. நம் ஊரிலும் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருத்துவக் கல்லூரிச் சாலைச் சந்துகளில் போய்ப் பாருங்கள். ஒரு வாசல், ஒரு சர்வீஸ், உள்ளே நான்கு அடுப்பு.

நான் கேட்பது ஒன்றுதான். தனியாக உலை வைக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர் வேண்டும். வாடகைக்கு விடுகிறவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். தனி சர்வீஸுக்கு விண்ணப்பம் போடுங்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் திரும்பக் கிடைக்கும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. உங்களில் பலர் இந்தக் கணக்கை இதுவரை போட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

அவளிடம் இண்டக்‌ஷன் இப்போது வேண்டாம் என்று சொன்னேன். மூடி, சிம், ஊறவைப்பது, பர்னர் துளை, இவற்றைச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் பேசிப் பார்க்கச் சொன்னேன். "பேசினா காலி பண்ணச் சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு டீச்சர்" என்றாள். அதற்கு என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. அடுத்த மாதம் திருப்பூர் போகிறேன். நானே கூடப் போய் அவரிடம் உட்கார்ந்து இந்தக் கணக்கைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நேரமாகிவிட்டது. அழைப்பிதழிலேயே இ.பி. அட்டையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். அந்த மேசையில் நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுத் தந்துவிட்டுத்தான் கிளம்புவேன். அட்டை இல்லாதவர்கள் முதலில் வாருங்கள்.